வண்டியில் இருப்பவரிடம் சொல்லக் கூடாதவை

ஜூன் 15, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. சத்தீஸ்கரில் மழை பிடித்துக்கொண்டதாம். மழையில் போர்வெல் போட முடியாது என்பதால் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர் திரும்புகின்றன. என் வீட்டுக்காரர் தங்கமுத்துவும் எட்டரை மாதம் கழித்து வந்து இறங்கினார். கூடவே பதினோரு ஜோடி துணி, எல்லாவற்றிலும் கிரீஸ். மூன்று முறை ஊறவைத்தும் தண்ணீர் கறுப்பாகத்தான் போகிறது.

இந்த டைரி ஆயில் கடையில் கொடுத்தது. என்னிடம் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வரும் பெண்களின் பெயரும் நேரமும் எழுத வைத்திருந்தேன். இன்றைக்குக் கோபத்தைக் கொட்ட வேறு இடமில்லை, அதனால் இதில் எழுதுகிறேன்.

கோபம் மிதுவின் மேல். மிருதுளா, என் ஒரே மகள், பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். தூத்துக்குடிக்குப் போய் மீன்வளம் படிக்கப் போகிறாளாம்! அறுநூறு அடி தோண்டினாலும் புழுதி பறக்கிற ஊரில் பிறந்தவளுக்கு மீன் படிப்பு கேட்கிறது. இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு காலேஜ் வாசலில்தான் விழ வேண்டும்.

"வூட்டு வாசல்ல பஸ் வந்து ஏத்திட்டுப் போவுது. உனக்கென்ன அவ்வளவு தூரம்?" என்றேன்.

"வாசல்லயே வந்து ஏத்தறதுனாலதாம்மா" என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒரு நோட்டீஸை நீட்டினாள். எங்கள் நகர் நலச் சங்கம் ரிக் குடும்பங்களுக்கு நடத்தும் பயிலரங்கு. 'கூடிப் பேசுவோம்', ஆறு ஞாயிறு. ஆண்கள் ஊரில் இருக்கும் மழைக்காலமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். "ஆறு வாரமும் மூணு பேரும் போலாம். அதுக்கப்பறமும் நீ உள்ளூர்லயே படின்னு சொன்னீன்னா, படிக்கறேன்" என்றாள்.

விடுவேனா? இந்த டைரியின் கடைசித் தாளில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சமுதாயக் கூடத்தில் ஒன்பது குடும்பங்கள். வட்டமாக நாற்காலி. நடத்துகிறவர் ஜெபசீலி, நாகர்கோவில் பக்கத்துக்காரர், குரலே எழும்பாத பெண்மணி. இவரா எங்கள் ஆட்களைப் பேச வைக்கப் போகிறார்? ரிக் சத்தத்திலேயே வாழ்ந்த ஆண்கள் வீட்டில் 'ம்' என்று சொன்னாலே பெரிது.

விதி இதுதான். ஒருவர் தன் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அறிவுரை கூடாது, குறை கூடாது. அவர் முடித்ததும் அதே வீட்டு ஆள் இன்னொருவர் எழுந்து, அந்தக் கதையைத் தனக்கே நடந்தது போல 'நான்' போட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"எதுக்குங்க? எங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றேன்.

"கேட்டுக்கிட்டு இருந்தீங்களா, இல்ல பதில் யோசிச்சுக்கிட்டு இருந்தீங்களான்னு பாக்கத்தாம்மா" என்று சிரித்தார்.

ஒருவர் தன் கல்யாணத்தில் கைக்கடிகாரம் தொலைந்த கதையைச் சொன்னார். அவர் மனைவி எழுந்து, "என்ற கல்யாணத்துல நான் வாட்ச்சத் தொலச்சேன்" என்று ஆரம்பித்து, "எடுத்தது என்ற மச்சான்தான், எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்று முடித்தார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், அதற்காகத் திருந்திவிட்டேன் என்று அர்த்தமில்லை.

கடைசியில் சங்கத் தலைவர் அத்தியப்பன் அண்ணன் எல்லாருக்கும் போண்டா கொடுத்தார். இவர் வேலை செய்யும் ரிக்கும் அவருடையதுதான்.

ஜூன் 25, புதன்

பாகற்காய், ரவை, துணி சோப்பு. மதியம் இரண்டு பேருக்கு வகுப்பு. ஒருத்தி போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே வண்டியை எடுத்தாள். இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இனி வராதே என்றும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று இவரை எழுப்பிவிட்டார் ஜெபசீலி. இவர் மேடையில் நிற்கிற ஆளே இல்லை. ஆனால் நன்றாகத்தான் பேசினார். அதுதான் வினை.

"எட்டு வருசத்துக்கு முன்னாடிங்க. ராய்கர் பக்கத்துல ஒரு காடு. செவ்வாக்கெழமை இவகிட்டப் பேசிட்டிருக்கறப்பவே போன் கட்டாயிருச்சு. என்னமோ ஏதோன்னு மூணு நாளாச் சோறு எறங்கலீங்க. வெள்ளிக்கெழமை என்ற புள்ள பேசுனா. டான்ஸ் ஆடி மொதப் பரிசு வாங்குனேன்ப்பான்னு சொன்னா. வண்டி ஆளுக அத்தன பேருக்கும் ஜிலேபி வாங்கிக் குடுத்தேன். அந்த ஊர்லயே ஒரு கடையில சலங்கை வாங்கி வெச்சேன். என்ற ஆயுசுல நல்ல நாளுன்னா அதுதானுங்க."

கைதட்டினார்கள். மிது எழுந்து அதை 'நான்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எழுந்தாள். "நான் ராய்கர்ல இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பவே இல்லை.

"புள்ளைக்குச் சளி" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஜூலை 1, செவ்வாய்

சலங்கை பரணில் இருக்கிறது, பழைய குக்கருக்குள். ஒவ்வொரு மழைக்காலமும் இவர் "ஒருக்கா ஆடிக் காட்டு சாமி" என்பார். கால் சுளுக்கு, பரீட்சை, டீச்சர் மாறிவிட்டார் என்று ஒவ்வொரு வருசமும் நான் ஒன்று சொல்வேன். மிது ஒரு நாளும் டான்ஸ் கற்றுக்கொண்டதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, எழுதி வைக்கிறேன். வண்டியில் இருப்பவரிடம் வீட்டுக் கெட்ட செய்தியைச் சொல்லக் கூடாது. இது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள கட்டு. துளை போடும் ராடு சுற்றும்போது மனசு ஊரில் இருந்தால் கை போய்விடும். அப்படிக் கை போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பெற்றவர் செத்தால்கூட 'சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போ' என்றுதான் கூப்பிடுவோம். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும் முன், மிது என்ன சொல்ல வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பேன். ஐந்து வயதிலிருந்து கொடுத்தேன். இவருக்குப் பத்து விரலும் இன்றைக்கு இருக்கிறது அல்லவா? அதற்கு யாராவது எனக்குக் கைதட்டினார்களா?

ஜூலை 6, ஞாயிறு

மிது பேசினாள். அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"எனக்கு ஒம்பது வயசு. ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து எடது கை ஒடஞ்சுது. கட்டுப் போட்டாங்க. அந்த வெள்ளிக்கெழமை அப்பா போன் பண்ணுனாரு. அம்மா பக்கத்துல உக்காந்து சீட்டுக் குடுத்தாங்க. டான்ஸ் ஆடி மொதப் பரிசு வாங்குனேன்ப்பான்னு அதுல இருந்துச்சு, படிச்சேன். படிக்கறப்ப கை வலிச்சு அழுக வந்துருச்சு. 'ஏஞ்சாமி, கொரலு ஒரு மாதிரி இருக்குது'ன்னு அப்பா கேட்டாரு. அம்மா சீட்டுக்குப் பின்னால சந்தோசத்துலன்னு எழுதிக் காட்டுனாங்க. 'சந்தோசத்துலப்பா'ன்னு சொன்னேன். அப்பா சிரிச்சாரு. அதுக்கப்பறம் எனக்கு வலிச்சா யாருகிட்டயும் சொல்ல வரதில்ல."

நான் இவர் பக்கம் திரும்பவில்லை.

"வாணியம்மா, நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றார் ஜெபசீலி.

எழுந்தேன். "எனக்கு" என்றேன். ஒன்பது குடும்பமும் என் வாயையே பார்த்தது. "எனக்கு அடுப்புல வேல கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. வந்து இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டி வாசலைக் கழுவினேன். ஊரார் முன்னால் பெற்றவளைக் கூண்டில் ஏற்றுவதற்குப் பெயர் பயிலரங்காம். இனி என் செருப்புகூட அந்தப் பக்கம் போகாது.

ஜூலை 8, செவ்வாய்

இவர் இன்று மிதுவைக் கூப்பிட்டு, இடது கையை வாங்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை விரலால் தடவிப் பார்த்தார். மண்ணைத் தடவியே பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்று சொல்கிற விரல். ஓரிடத்தில் நின்றது.

"இங்கயா?"

"ஆமாப்பா."

பிறகு என்னிடம், "வண்டிய ஓட்டுனது ஆரு?" என்றார்.

"ரோட்டுல மணல் கெடந்துச்சுங்க" என்றேன். மணல் கிடந்தது உண்மைதான்.

ஜூலை 13, ஞாயிறு

அவர்கள் இரண்டு பேரும் போனார்கள். நான் இட்லிக்கு அரைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

இன்றும் போகவில்லை. கூட்டம் முடிந்து அத்தியப்பன் அண்ணனே வீட்டுக்கு வந்துவிட்டார். மோர் கொடுத்தேன்.

"அம்மிணி, அடுத்த ஞாயித்துக்கெழம கடைசி நாளு. நாலு பெரிய மனுசங்க வாராங்க. மேடையில உங்க குடும்பத்தப் பேச வெக்கலாம்னு இருக்கறேன். அன்னிக்கு நீங்க எந்திரிச்சுப் போனது ஊரெல்லாம் பேச்சாயிருச்சு. நீங்களே வந்து நல்லபடியாச் சொல்லீட்டா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றார். மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். தட்டச்சு செய்திருந்தது. 'இந்தப் பயிலரங்குக்கு வந்த பிறகு எங்கள் குடும்பத்தில் அன்பு பெருகியது. இப்போது எங்களுக்குள் எந்தக் குறையும் இல்லை.'

"குறையிருந்தா என்னுங்க பண்றது?" என்று கேட்டேன்.

"இருந்தா வூட்டுக்குள்ள வெச்சுக்கோணும். வண்டி ஏறப்போற ஆளுக முன்னாடி கண்டதப் பேசி மனசக் கலைக்கலாமுங்களா? உங்களுக்கே தெரியும். தங்கமுத்து மனசு கலங்கிப் போயிருந்தா நான் எந்த நம்பிக்கையில அவன ராடுகிட்ட நிறுத்தறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பதினேழு வருசமாக நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். அவர் போனபின் தாளை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது, எனக்கே யாரோ சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் எரிந்தது. நாற்பத்து நாலு வயதில் என் வாயில் வார்த்தையைத் திணிக்க அத்தியப்பன் அண்ணன் யார் என்று தோன்றியது. ஒன்பது வயதுக்காரிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

போனேன். பச்சைப் பட்டுக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு போனேன். சண்டைக்குப் போகிறவள் அழுக்குச் சேலையில் போக வேண்டும் என்று சட்டமா?

மேடையில் பெரிய மனிதர்கள் நாலு பேர். அத்தியப்பன் அண்ணன் மைக்கைக் கொடுத்தார். தாளைப் பிரித்தேன், மறுபடி மடித்தேன். இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"மூணாவது ஞாயித்துக்கெழம எனக்கொரு வேல குடுத்தாங்க. செய்யாம ஓடிட்டேன். இப்பச் செய்யறேன். இது என்ற மக கதை, நான்னு சொல்லோணும்" என்றேன். பிறகு சொன்னேன்.

"எனக்கு ஒம்பது வயசு. ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்திருந்தேன். ஓட்டுனது எங்கம்மா. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித் தரவ, அன்னிக்குப் போனத் தோள்ல இடுக்கிட்டுப் பேசிட்டே ஓட்டுனா. அந்தப் பக்கம் பேசுனது எங்கப்பா. மணல்ல சறுக்கி விழுந்தோம். போன் ஒடஞ்சுது, என்ற கையும் ஒடஞ்சுது. அந்த வெள்ளிக்கெழம எங்கம்மா எனக்குச் சீட்டு எழுதிக் குடுத்தா. அப்பா கை பத்திரமா இருக்கோணும்னு எழுதுனேன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றா. அது பாதிதான். தன் மேல தப்புன்னு அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் எழுதுனா. எனக்கு அது தெரியும். நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன்? ஆனா மூணாவது வாரம் இங்க கதை சொன்னப்ப அத மட்டும் நான் சொல்லல. எங்கம்மாவக் காப்பாத்தறதுக்காக உட்டுட்டேன். அதையும் எங்கம்மாகிட்டத்தான் கத்துக்கிட்டேன்."

குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டேன்.

"போதும் அம்மிணி, எறங்குங்க" என்றார் அத்தியப்பன் அண்ணன் காதோடு.

மைக்கை விடவில்லை. "ஆறு வாரம் நான், நான்னு சொல்லப் பழக்கிப்போட்டு, நெசமாச் சொல்றப்பப் போதும்னா எப்படிங்ண்ணா? எங்க வூட்ல குறையிருக்குதுங்க. இருக்குதுன்னு இன்னிக்குத்தான் மூணு பேருக்கும் ஒண்ணாத் தெரியும். நீங்க குடுத்த தாள்ல இருக்கறது எங்க வூடு இல்லீங்க."

அப்போது கீழே நாற்காலி நகரும் சத்தம். இவர் எழுந்து நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. மைக்கும் இல்லை. ரிக் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு?

"நான் வாணி பேசறேன்" என்றார். யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள். "நான் வண்டி ஓட்டிட்டிருந்தேன். வெச்சர்றனுங்க, வூட்டுக்குப் போயிப் பேசறேன்னு என்ற வீட்டுக்காரங்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். டவர் கெடைக்காது, இப்பவே பேசுன்னு அவந்தான் உடல. இத நான் இத்தன வருசத்துல ஒருக்காக்கூட அவங்கிட்டச் சொல்லிக் காட்டல." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

ரெண்டு தடவை சொன்னது எனக்கே மறந்து போயிருந்தது.

ஜெபசீலி மட்டும் கைதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். போண்டா சூடாக இருந்தது, நான் மூன்று தின்றேன்.

ஜூலை 28, திங்கள்

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கை உடைந்ததையோ போனையோ அவர் பெரிதாக நினைக்கவில்லை. அந்த டான்ஸ் இல்லவே இல்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காலையில் பரணிலிருந்து குக்கரை எடுத்து, திறந்து பார்த்து, மூடி வைத்துவிட்டார்.

கல்லூரிக்கு விருப்பம் பதிய நாளைக்குக் கடைசி. மிது இந்த டைரியையே எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள், அவள் கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திறந்து.

"ஆறு வாரம் முடிஞ்சுது. சொல்லும்மா. என்ன போடட்டும்?"

"எதுக்குடி அவ்வளவு தூரம்? இப்பவாவது சொல்லு."

"உன் பக்கத்துல இருந்தா நல்லா இருக்கேன்னுதான் வாயில வருதும்மா. தூரமாப் போனா, நல்லா இல்லைன்னு சொல்லிப் பழகலாம்னு இருக்குது."

எனக்கு இஷ்டமில்லை. இன்னமும் இல்லை. 'இங்கேயே படி' என்ற இரண்டு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது, சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். சொன்ன சொல் மாறாத பிள்ளை. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டி அடுப்பில் போட்டேன்.

"மீனே படி. ஆனா எனக்குப் புடிக்கலைன்னும் எழுதி வெச்சுக்கோ" என்றேன்.

"செரி" என்றாள். உண்மையிலேயே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். கழுதை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தூத்துக்குடியில் விட்டுவிட்டு வந்தோம். பேருந்தில் இவர் தன் தோளைக் காட்டினார். தூங்குவது போல சாய்ந்துகொண்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். நாளை மறுநாள் கிளம்புகிறது. என் பேச்சால் இவர் வேலை போய்விடும் என்று தெருவே எதிர்பார்த்தது. அத்தியப்பன் அண்ணன் ஒரு மாதம் முறைத்தார், அப்புறம் அவராகவே வந்து கூப்பிட்டார். இவரைப் போல மண் பார்க்கிற ஆள் அவருக்கு எங்கே கிடைப்பான்? சலங்கையை இவர் ரிக்கின் முன் கம்பியில் கட்டினார். "யாராவது ஆடட்டும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சிரித்த மாதிரியும் இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

சாயங்காலம் ஏழு மணி. மூன்று பேரும் ஒரே போனில் பேசும்படி மிது செய்து கொடுத்திருக்கிறாள். சட்டம் நான் போட்டது. முதலில் இவர் வண்டியை நிறுத்திவிட்டு ராடை விட்டுத் தள்ளி வந்து உட்கார வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு கெட்ட செய்தி. அதைச் சொல்லாமல் நல்ல செய்தி எதுவும் கிடையாது. தெருவில் கேட்டால் என்னைப் பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும்.

"உக்காந்துட்டீங்களா?"

"உக்காந்துட்டேன். பைப்பு மாத்தறப்பப் பெருவெரல் நகம் போச்சு. கட்டுப் போட்டிருக்குது" என்றார். இருபது வருசத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் காயம் அது.

"எனக்குத் தலமுடியெல்லாம் மீன் நாத்தம்மா" என்றாள் மிது. "ரூம்ல இருக்கற ரெண்டு பேரும் எங்கூடப் பேசறதில்ல. மொத டெஸ்ட்ல பெயிலு. நேத்து பாத்ரூம்ல போயி அழுதேன்."

எழுந்து ஓடிப்போய் பஸ் ஏற வேண்டும் போலிருந்தது. ஏறவில்லை, ஒன்றும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. "நான் பெயிலு. நான் பாத்ரூம்ல அழுதேன்" என்று திருப்பிச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மா, நீ?"

"எனக்கென்ன, நான் நல்லா" என்று ஆரம்பித்துவிட்டேன். ரிக்கில் கட்டிய சலங்கை காற்றில் அசைவது போனில் கேட்டது.

"மூணு பேருக்கே அரிசி போட்டர்றேன்" என்றேன். "தினமும் மீந்து போவுது. சாயந்தரம் ஆச்சுன்னா வூட்டுக்குள்ள வரப் புடிக்கறதில்ல."

"கொரலு ஒரு மாதிரி இருக்குதேம்மா" என்றாள் மிது. "சந்தோசத்துலயா?"

"இல்ல சாமி" என்றேன். "வலிக்குது."